நம் காரைக்கால் பக்கம் மாடு கன்று போட்ட வரலாறு



என்னிடம் வரலாறு படித்து, இப்போது நெடுங்காடு பக்கம் நான்கு கறவை மாடு வைத்துக் குடும்பம் நடத்தும் ஒரு மாணவி போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "சார், அந்தக் காலத்துல மாடெல்லாம் தானா கன்னு போட்டுச்சுன்னு எங்க ஆத்தா சொல்றாங்க. இப்ப மட்டும் ஏன் சார் ஒவ்வொரு தடவையும் டாக்டரைத் தேடி ஓட வேண்டியிருக்கு?" கேள்வி நல்ல கேள்வி. தொலைபேசியில் நான் சொன்ன பதில் அரைகுறை. நான் கால்நடை மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் இதில் வரலாறு நிறைய இருக்கிறது, அதுவும் நம் மண்ணின் வரலாறு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தா சொன்னதில் பாதி உண்மை. நம் டெல்டாவின் மாடு உம்பளச்சேரி மாடு. தலைஞாயிறு பக்கம் இருக்கும் உம்பளச்சேரி என்ற ஊரின் பெயர் அது. காரைக்கால், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி என்று சேற்று வயல் உள்ள இடமெல்லாம் அந்த மாடுதான். கொம்பைத் தீய்த்து விடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றும் சொல்வோம். சிறிய உடம்பு, உறுதியான கால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் வெள்ளை. கன்று பிறக்கும்போது செவலையாகப் பிறந்து, சில மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வெளியூர் மருமகள்கள் முதல் தடவை பார்த்துவிட்டு "கன்னுக்குட்டி நிறம் மாறுதே, நோயா?" என்று பயப்படுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் பால் கறந்தால் பெரிது. அதை யாரும் பாலுக்காக வளர்க்கவில்லை. உழவுக்கும் எருவுக்கும்தான்.

சம்பா அறுவடை முடிந்ததும் மாடுகளை வயலில் கிடை போடுவார்கள். சினை மாடும் கூடவே நடக்கும், மேயும், படுக்கும். பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், எருமைக்கு 310, ஆட்டுக்கு 150. நாள் நெருங்கினால் மடி இறங்கும், வால் அடியில் இரண்டு பக்கமும் குழி விழும், மாடு கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கும். பிறகு தண்ணிக்குடம். அதன் பின்னால் இரண்டு முன்னங்கால் குளம்பு, அவற்றின் மேல் படிந்தாற்போல மூக்கு. குளத்தில் தலைகீழாகப் பாயும் பையன் கையை நீட்டுவானே, அதே நிலை. அப்படி வந்தால் மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. உம்பளச்சேரிக் கன்றின் எடை இருபது கிலோவைச் சுற்றித்தான். தாயின் இடுப்பெலும்பு வழிக்கு அது அளவான கன்று. விடிந்து போய்ப் பார்த்தால் கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருக்கும்.

அந்த அளவும் தானாக வந்ததல்ல. கன்று வயிற்றில் சிக்கிச் செத்த மாடு தன் வம்சத்தை விட்டுப் போகவில்லை. சுலபமாகப் போட்டதுதான் விட்டுப் போனது. பல நூறு ஆண்டு இப்படிக் கழிந்து வந்த இனம் இது. பொலிகாளையைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. தமிழில் முப்பத்திரண்டு அறம் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். அதில் ஆவுரிஞ்சு கல் நடுவதும் ஒன்று, ஏறு விடுத்தலும் ஒன்று. அதாவது ஊர்ப் பசுக்களுக்காக நல்ல காளை ஒன்றைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவது. அந்தக் காளை தெருவில்தான் திரியும். அதன் உயரம், நெஞ்சு அகலம், குணம் எல்லாம் ஊருக்கே தெரியும். தன் கிடேரி சிறியது என்றால் அந்தக் காளையிடம் விடாமல் கட்டிப்போடுவார் மாட்டுக்காரர். இந்தக் காளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

ஆத்தா சொல்லாத பாதி என்ன? எப்போதுமே எல்லா மாடும் தானாகப் போட்டுவிடவில்லை. தலையீத்துக் கிடேரிக்குக் கஷ்டம் அன்றும் உண்டு. கன்றின் கால் மடங்கியிருக்கும், தலை பின்னால் திரும்பியிருக்கும், பின்புறம் முதலில் வரும். எருமையில் கருப்பையே முறுக்கிக்கொள்ளும். அப்போது என்ன செய்தார்கள் என்பதைத் தேடினால் புத்தகத்தில் அதிகம் கிடைக்காது. மாட்டு வாகடம் என்ற பெயரில் தமிழில் ஏட்டுச்சுவடிகள் உண்டு. தஞ்சை சரசுவதி மகால் குதிரைக்கும் யானைக்கும் உரிய சாஸ்திர நூல்களைப் பதிப்பித்திருக்கிறது. அரசனுக்குக் குதிரையும் யானையும் முக்கியம், ஓவியம் போட்டு எழுதி வைத்தார்கள். கொட்டிலில் நடு இரவில் பசுவின் உள்ளே கைவிட்டுக் கன்றைத் திருப்பியவர் யார், எப்படிச் செய்தார் என்று எந்த அரண்மனையும் எழுதி வைக்கவில்லை.

நான் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். 1963 அல்லது 64. எனக்கு ஒன்பது வயது. காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது, எங்கள் தாத்தா இன்னும் ஊராட்சி விஷயமெல்லாம் "கொம்யூன்", "மேர்" என்றுதான் பேசுவார். அம்பகரத்தூர் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் ஒரு கிடேரிக்கு வலி எடுத்து, இரண்டு குளம்பு வெளியே தெரிந்து, மேலே நகராமல் நின்றுவிட்டது. மூக்கு வரவில்லை. என் சித்தப்பாக்கள் தாம்புக்கயிற்றைக் குளம்பில் கட்டி இழுக்கத் தயாராகிவிட்டார்கள். பாட்டி "நில்லுங்கடா" என்று சொல்லிவிட்டு, பண்ணையில் மாடு பார்த்தவரைக் கூப்பிட ஆளனுப்பினார்.

அவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். வந்தார், மாட்டின் நெற்றியைத் தடவினார், விளக்கெண்ணெய் கேட்டு முழங்கைக்கு மேல் வரை பூசிக்கொண்டார். கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "தல வலப்பக்கம் மடிஞ்சு கெடக்கு ஆத்தா" என்றார். அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை மறக்காதது. அவர் கன்றை இழுக்கவில்லை. உள்ளே தள்ளினார். மாடு முக்கும்போது கை அசையாமல் நிற்பார். வலி ஓய்ந்ததும் மெல்லத் தள்ளுவார். உள்ளே இடம் கிடைத்ததும் கன்றின் வாயில் விரலைக் கோத்துத் தலையை நேராக்கினார். அப்புறம்தான் இழுப்பு, அதுவும் மாடு முக்கும்போது மட்டும், நேராக அல்ல, கீழ்நோக்கி. கன்று வந்து விழுந்தது. மூக்கிலும் வாயிலும் இருந்த வழும்பை வழித்து, ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத் துளைக்குள் விட்டார். கன்று தும்மியது. மூச்சு வந்துவிட்டது. செவலைப் பசுங்கன்று, நெற்றியில் சுட்டி.

பாட்டி அவருக்குக் கொல்லையில் வைத்துச் சோறு போட்டார். ஒரு மரக்கால் நெல்லும் கொடுத்தார். மூன்றாம் நாள் சீம்பாலில் ஒரு செம்பு. கொட்டிலுக்கும் அவர் கொல்லைப்புறமாகத்தான் வந்தார், போனதும் அப்படியே. என் சித்தப்பாக்களுக்கு அப்போது இருபது வயதிருக்கும். அவரை "வாடா, போடா" என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லையின் அந்தப் பக்கம் தஞ்சை மாவட்டத்தில் 1952-லேயே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது சென்னை மாநிலச் சட்டம். நாம் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம். ஒரு வாய்க்கால் வித்தியாசத்தில், அதே மாட்டைப் பார்த்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான சட்டம். இதை வகுப்பில் சொல்லும்போது பாடப்புத்தகத்தில் இல்லையே என்று கேட்டவர்கள் உங்களில் சிலர் உண்டு. இல்லைதான்.

பல வருடம் கழித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். பேறுகால நூல்களில் முதல் பாடமே அதுதான் என்றார்: முதலில் உள்ளே தள்ளி இடம் உண்டாக்கு, நிலையைச் சரிசெய், அப்புறம் இழு. கால் முன்னங்காலா பின்னங்காலா என்று இருட்டிலும் கையால் கண்டுபிடிக்க ஒரு விதி சொன்னார். குளம்பிலிருந்து மேலே தடவிப் போனால் முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். எங்கள் கொட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர் இதைத்தான் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த அறிவு புத்தகமாக ஆனதில் நம்மை ஆண்டவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சில் லியோன் நகரத்தில், கிளோது பூர்ழெலா என்பவரால் தொடங்கப்பட்டது. அரசர் அனுமதி கொடுத்தது 1761 ஆகஸ்டில். அந்தத் தேதியை நம் தேதியோடு சேர்த்துப் பாருங்கள். 1760 ஏப்ரலில் காரைக்கால் ஆங்கிலேயர் கையில் விழுந்தது, 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. இந்தியாவைத் தோற்ற வருடத்தில் அங்கே மாட்டுக்கும் குதிரைக்கும் பள்ளி திறக்க ஏற்பாடு. மாட்டுக் கொள்ளைநோய் ஐரோப்பாவை அழித்துக்கொண்டிருந்தது, அதுதான் அவசரம். நம் பக்கம் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் வந்தது. 1936-ல் அது பல்கலைக்கழகப் பட்டத்துக்கு உரிய படிப்பாயிற்று. புதுச்சேரி குரும்பாபேட்டில் கல்லூரி வர 1994 ஆனது, தஞ்சை ஒரத்தநாட்டில் 2012. அதுவரை டெல்டாவில் கொட்டிலுக்குள் நடந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தப் பெயரில்லாத கைகளின் வேலைதான்.

அதற்காகப் பழைய காலத்தைத் தலையில் தூக்கி வைக்க மாட்டேன். அவர் கை கழுவியது வேலை முடிந்த பிறகு, குளத்தில். முன்னால் கழுவவில்லை. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-லேயே பிரசவம் பார்க்கும் கையைக் கழுவச் சொன்னார், மனிதர்களுக்கே அதை ஏற்க நாள் ஆனது. கன்று பிழைத்து, பத்தாம் நாள் கருப்பை சீழ் பிடித்துத் தாய் செத்த கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. அதைக் கண்ணேறு என்று சொல்லிவிடுவார்கள். கொடி விழாமல் தொங்கினால் மூங்கில் இலை கொடுப்பார்கள். அதில் கெடுதல் இல்லை. ஆனால் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதையும் பார்த்திருக்கிறேன். அது கொடுமை.

கை விட்டவருக்கும் ஆபத்து உண்டு. மாடு காலத்துக்கு முன்னே கன்றை வீசிவிடுவதற்கு ஒரு காரணம் புரூசெல்லா என்ற கிருமி. மால்டாவில் டேவிட் புரூஸ் 1887-ல் மனிதரிடம் அதைக் கண்டார், டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் 1897-ல் மாட்டில் கண்டார். வெறும் கையோடு கொடியையும் நீரையும் தொடுகிறவர்களுக்கு அது ஒட்டிக்கொள்ளும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, வருடக்கணக்கில் போகாது. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதப் பசுங்கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். போடாதவர்கள் போட்டுவிடுங்கள்.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். என்ன மாறியது?

காளை காணாமல் போயிற்று. இந்தியாவில் செயற்கை முறைக் கருவூட்டல் 1939-ல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்கியது. 1949-ல் இங்கிலாந்தில் கிளிசரின் கலந்து விந்தை உறைய வைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு காளை எங்கே இருந்தாலும் சரி, செத்தே போயிருந்தாலும் சரி. அதை அடைத்து வைக்கும் மெல்லிய குழாய் நார்மண்டியில் ரொபேர் கசூ என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது. இன்றும் ஊசி போட வருபவர்கள் அதை "பிரெஞ்சு ஸ்ட்ரா" என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் கப்பலேறிய பிறகு நம் கொட்டிலுக்கு வந்து சேர்ந்த பிரெஞ்சுப் பொருள் அது! கால் மில்லி லிட்டர். சினை ஊசி என்று நாம் பெயர் வைத்துவிட்டோம். தெருவில் நின்ற காளையின் நெஞ்சு அகலத்தைப் பார்த்துக் கிடேரியைக் கட்டிப்போட்டவர், குழாய்க்குள் இருக்கும் காளையை எப்படி அளப்பார்?

அளவுதான் விஷயம். ஜெர்சிக் கன்று ஏறக்குறைய 25 கிலோ. ஹோல்ஸ்டீன் பிரீசியன் கன்று 40 கிலோ. சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிக்கு பிரீசியன் என்றுதான் தமிழக அரசின் இனப்பெருக்கக் கொள்கை. வெப்பம் ஒரு காரணம், நம் சிறிய மாட்டின் இடுப்பெலும்பு இன்னொன்று. ஆனால் கறுப்பு வெள்ளை மாடு குடம் குடமாகக் கறக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் அதைத்தான் கேட்டார்கள். கேட்டதைப் போட்டார்கள்.

1980-களின் நடுவில் என் உறவினர் ஒருவர் வீட்டில் நடந்தது. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்த காலம். கடனில் வாங்கிய கலப்பினக் கிடேரி, இரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை, சினை ஊசி போட்டுவிட்டார்கள். மாடு எந்நேரமும் கட்டுத்தறியில்தான், நடையே கிடையாது. தவிடும் புண்ணாக்கும் வைத்துக் கொழுக்க வைத்தார்கள். நாள் வந்தது, கன்றின் தலை வரை வந்து தோள் மாட்டிக்கொண்டது. உள்ளே தள்ளத் தெரிந்த கிழவர் அப்போது உயிரோடு இல்லை. அவர் பிள்ளைகள் மாடு மேய்ப்பதை விட்டு நகரத்து வேலைக்குப் போய்விட்டார்கள். போனது சரிதான், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். கன்று செத்து வந்தது. மாட்டுக்கு இடுப்புக்குள் நரம்பு நசுங்கிவிட்டது. எழுந்து நிற்க முடியாமல் பன்னிரண்டு நாள் கிடந்தது. மாடு போன பிறகும் தவணை போகவில்லை. அந்த வீட்டுப் பெண் அந்த வருடம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாள். எனக்கு நன்றாகப் படித்த மாணவி.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்று ஆறு ஈத்து போட்டு, அந்தப் பாலில் இரண்டு பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலப்பினம் வந்ததே தவறு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டை வைத்து யாரும் கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை.

மனிதன் இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் போவான் என்பதற்குப் பெல்ஜியத்தில் ஓர் உதாரணம் உண்டு. பெல்ஜியன் புளூ என்ற இறைச்சி மாடு. தசை இரட்டிப்பாக வளரும்படி தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, இப்போது பெரும்பாலான கன்றுகளை அறுவை செய்துதான் எடுக்கிறார்கள். சென்னையில் இருக்கும் என் மருமகன்மார் ஆசைப்பட்டு வாங்கும் சப்பை மூக்கு புல்டாக் நாய்க்கும் அதே கதி. தலை பெரிது, இடுப்பு சிறிது. பிரெஞ்சு புல்டாக் என்ற பெயரைப் பார்த்து ஊர்ப் பாசம் வந்துவிட வேண்டாம்.

மருந்து பற்றி ஒன்று. ஆக்சிடோசின். கருப்பையைச் சுருங்க வைக்கும் பொருள் மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியில் இருப்பதை ஹென்றி டேல் 1906-ல் கண்டார், பூனையில் சோதித்து. 1953-ல் அதைச் செயற்கையாகச் செய்த து விக்னோவுக்கு 1955-ல் நோபல் கிடைத்தது. வழி திறந்திருந்து வலி மட்டும் குறைந்தால் அது அமிர்தம். கன்று குறுக்கே கிடக்கும்போது போட்டால் கருப்பை கிழியும். பால் சுரக்க வைக்க அந்த ஊசியைத் தினமும் போட்ட கறவைக்காரர்கள், வலி வந்த மாட்டுக்கும் தாங்களே போட்டு எத்தனை மாட்டைக் கொன்றார்களோ. மருத்துவர் கையில் மட்டும் இருக்க வேண்டியது அது.

மருத்துவர்கள் செய்வதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். 1990-களில் திருநள்ளாறு பக்கம் ஒரு எருமைக்குக் கருப்பை முறுக்கிக்கொண்டது. மருத்துவர் அதை முறுக்கு உள்ள பக்கமாகவே படுக்க வைத்து, விலாவின் மேல் நீளப் பலகையை வைத்து, ஒருவரைப் பலகை மேல் ஏறி நிற்கச் சொல்லி, மற்றவர்களை விட்டு எருமையை அதே பக்கமாக உருட்டினார். பலகை கருப்பையைப் பிடித்துக்கொள்ள, உடம்பு சுற்றி வந்து முறுக்கு அவிழ்கிறது. இரண்டாம் உருட்டலில் அவிழ்ந்து, தண்ணீர் கொட்டியது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். இதற்கும் மசியாவிட்டால் நிற்க வைத்தே, மரத்துப்போகும் ஊசி போட்டு, இடது விலாவைத் திறந்து கன்றை எடுக்கிறார்கள். மாடு அந்த நேரத்தில் வைக்கோல் தின்றுகொண்டு நிற்பதும் உண்டு!

கேட்ட மாணவிக்கும் மாடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும்: தண்ணிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் மாடு முக்கியும் எதுவும் முன்னேறவில்லை, குளம்பு வந்து மூக்கு வரவில்லை, வால் மட்டும் தெரிகிறது, பன்னிரண்டு மணி நேரமாகியும் கொடி விழவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், ஆள் சேர்த்து இழுக்காதீர்கள். ஆட்டுக்கு அரை மணி நேரமே அதிகம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு நாடு முழுக்க ஒரே எண், 1962. நம் ஊர்க்காரர்களுக்கு மறக்கவே மறக்காத எண். 1962 ஆகஸ்ட் 16 எந்த நாள் என்று சரியாக எழுதாதவர்களுக்கு நான் எத்தனை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்! ஊசி போட வருபவரிடம் எந்தக் காளை என்று கேளுங்கள். தலையீத்துக் கிடேரி என்றால் ஜெர்சி கேளுங்கள். உம்பளச்சேரியே வேண்டும் என்பவர்களுக்கு அந்த இன விந்தும் உண்டு.

இன்னொரு வழக்கம், இளைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கன்று போட்ட வீட்டார் இளங்கொடியை வைக்கோலில் சுற்றிப் பழைய சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரம், மாடும் பால் சொரியும் என்று நம்பிக்கை. நாய் இழுக்காது, மாடு தின்று செரிக்காமல் அவதிப்படாது என்பது கூடுதல் லாபம். திருநள்ளாறு சாலையில் நான் சைக்கிளில் பள்ளிக்குப் போன காலத்தில் அப்படி ஒரு மரம் இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. உங்கள் ஊரில் அந்த மரம் எங்கே இருந்தது, இன்னும் இருக்கிறதா என்று எழுதுங்கள். உங்கள் வீட்டில் மாட்டுக்குக் கை வைத்துப் பார்த்தவர் யார் என்று ஆத்தா, அப்பாயிகளிடம் கேட்டு, அவர் பிள்ளைகளின் சம்மதத்தோடு பெயரையும் எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்